வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு ஒரு கட்டில்: அமெரிக்காவின் இளையோர் நெருக்கடிக் காப்பகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளாக வார இறுதி இரவுகளில் ஓர் இளையோர் காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். இது தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் அவ்வப்போது கூப்பிடுவார்கள். பெரும்பாலும் குரலைத் தாழ்த்தி, "ஒரு ஃபிரண்டுக்காகக் கேக்கறேன்" என்றுதான் பேச்சு தொடங்கும். பத்து நிமிடம் கழித்து அந்த ஃபிரண்டு யார் என்று இருவருக்கும் புரிந்துவிடும். அப்படி மறுபடி மறுபடி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில விவரத்துக்குக் கீழே சொல்லியிருக்கும் தொலைபேசி எண்களில் பேசிக்கொள்ளுங்கள்.

நெருக்கடிக் காப்பகம் என்றால் என்ன? அனாதை இல்லமா?

இல்லை. வீட்டில் இருக்க முடியாமல் வெளியே வந்த பிள்ளையோ, வீட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்ட பிள்ளையோ அன்றிரவு தெருவில் படுக்காமல் இருக்க ஓர் இடம். கட்டில், சாப்பாடு, குளிக்க வெந்நீர், மாற்றுத் துணி, பேசுவதற்கு ஓர் ஆள். பெரும்பாலும் சாதாரணக் குடியிருப்புத் தெருவில் ஒரு பெரிய வீடு மாதிரிதான் இருக்கும். கூட்டரசு நிதியில் நடக்கும் காப்பகத்தில் 20 பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். இந்த வரம்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இருபது பிள்ளைகள் என்றால் ஒவ்வொருவரின் பெயரும் தெரியும், யார் இரவு சாப்பிடவில்லை என்பதும் தெரியும்.

குழந்தைகளை வளர்க்கும் இல்லமோ, சிறார் சிறையோ, மனநல மருத்துவமனையோ அல்ல. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவே சில நாள் இடைவெளி தரும் இடம்.

அங்கே எப்படிப்பட்ட பிள்ளைகள் வருகிறார்கள்?

"கெட்ட சகவாசம், போதை" என்று ஒரு படம் பலர் மனதில் இருக்கிறது. நான் பார்ப்பது வேறு. அம்மாவின் புதுக் கணவருடன் ஒத்துப்போகாத பையன். அப்பா வேலை இழந்து, வாடகை கட்ட முடியாமல் குடும்பமே சிதறி, ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும் பெண். வளர்ப்புக் குடும்பங்களில் ஆறேழு வீடு மாறி, ஏழாவதிலிருந்து கிளம்பி வந்தவன். தான் யாரை விரும்புகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று இரவே பையோடு வாசலில் நிறுத்தப்பட்டவள். அடி தாங்காமல் வந்தவர்கள். அடியைவிட மோசமானதைத் தாங்காமல் வந்தவர்கள்.

"ஓடிப்போனவர்கள்" என்ற சொல்லே பாதி உண்மையைத்தான் சொல்கிறது. கணிசமான பிள்ளைகள் ஓடவில்லை, துரத்தப்பட்டார்கள். "இந்த வீட்டுல இருக்கணும்னா நான் சொல்றபடி இரு, இல்லன்னா கதவு திறந்துதான் இருக்கு" என்று கோபத்தில் ஒரு வார்த்தை வந்துவிடுகிறது. சொன்னவருக்கு அது கோபம். கேட்ட பதினைந்து வயதுக்கு அது உத்தரவு.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் ஆய்வு மையம் 2017ல் நாடு தழுவிய ஆய்வு ஒன்றை வெளியிட்டது. ஓர் ஆண்டுக்குள், 13 முதல் 17 வயதுள்ள இளையோரில் 30 பேருக்கு ஒருவரும், 18 முதல் 25 வயதுள்ளவர்களில் 10 பேருக்கு ஒருவரும் பெற்றோர் துணையின்றி வீடற்ற நிலையை ஏதோ ஒரு வகையில் அனுபவிக்கிறார்கள் என்பது அதன் கணக்கு. இதில் பாலத்தடியில் படுப்பவர்கள் மட்டும் இல்லை. இன்று இந்த நண்பன் வீட்டு சோஃபா, நாளை இன்னொருவன் வீட்டு சோஃபா என்று நாள் கடத்துபவர்களும் சேர்த்தி. அவர்களைத் தெருவில் பார்க்க முடியாது, அதனால்தான் இப்படி ஒரு பிரச்சினையே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

எத்தனை நாள் தங்கலாம்?

இத்தகைய காப்பகங்களுக்கு நிதி தரும் கூட்டரசுத் திட்டத்துக்கு அடிப்படை மையத் திட்டம் என்று பெயர். அதில் நடக்கும் காப்பகங்களில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் 21 நாள் வரை தங்கலாம். பலருக்கு அவ்வளவு தேவைப்படாது. சண்டை ஆறி, மூன்று நான்கு நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு.

ஆனால் திரும்பிப் போக வீடே இல்லாத பிள்ளைக்கு 21 நாள் போதாது என்பது என் கருத்து. பத்தாவது நாளில்தான் அந்தப் பிள்ளை முழுத் தூக்கம் தூங்கத் தொடங்குகிறது. பதினைந்தாவது நாளில்தான் வாய் திறக்கிறது. அதற்குள் "அடுத்து எங்கே?" என்ற பேச்சு வந்துவிடுகிறது. ஊழியர்களுக்கும் இது வலிக்கிற விஷயம்தான்.

இந்த ஏற்பாடு எப்போது, எப்படி வந்தது?

1967 கோடையில் நாடெங்கும் இருந்து இளைஞர்கள் சான்ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதிக்கு வந்து குவிந்தார்கள். அதில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளும் நிறைய. அவர்களுக்காக அந்த ஆண்டு ஜூன் மாதம் ஹக்கிள்பெரி ஹவுஸ் திறக்கப்பட்டது. இவ்வகைக் காப்பகங்களில் முன்னோடி அது. அந்தக் காலத்தில் வீட்டை விட்டு வந்த பிள்ளையைப் பிடித்தால் சிறார் காவல் இல்லத்தில் அடைப்பார்கள். திருடியவனும் அடிபட்டு ஓடிவந்தவனும் ஒரே அறையில் இருப்பார்கள்.

அப்புறம் 1973ல் டெக்சாஸின் ஹூஸ்டனில் இருபதுக்கும் மேற்பட்ட பையன்கள் கொல்லப்பட்டது வெளியே வந்தது. காணாமல் போனார்கள் என்று பெற்றோர் புகார் கொடுத்தபோது அவர்களில் பலரை "வீட்டை விட்டு ஓடியிருப்பான், வந்துவிடுவான்" என்று சொல்லிக் காவல்துறை தள்ளிவிட்டிருந்தது. நாடே அதிர்ந்தது. இதற்கென ஒரு சட்டம் வேண்டும் என்று செனட்டர் பர்ச் பே ஏற்கெனவே முயன்றுகொண்டிருந்தார். 1974ல் சிறார் நீதிச் சட்டத்தின் ஒரு பகுதியாக அது நிறைவேறியது. வீட்டை விட்டு வந்த பிள்ளைக்குச் சிறை தீர்வல்ல, காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் வெளியே ஒரு வீடு வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இன்றும் நிதி அந்தச் சட்டத்தின் வழியேதான் வருகிறது.

நடுராத்திரி பையோடு நிற்கும் பிள்ளை, காப்பகத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்?

மூன்று வழி சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். தெரிந்துகொண்டால் ஓடிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். தன் தோழிக்குத் தேவைப்படும்போது சொல்வதற்காவது உதவும்.

ஒன்று, தேசிய ரன்அவே சேஃப்லைன்: 1-800-786-2929. 24 மணி நேரமும் பேசலாம், பேச்சு வெளியே போகாது. 1971ல் சிகாகோவில் சிறிய அளவில் தொடங்கியது. பிள்ளையும் பேசலாம், பெற்றோரும் பேசலாம். நேராகப் பேச மனமில்லாத பிள்ளை, "நான் உயிரோடு இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்று செய்தி மட்டும் விட்டுவைக்கலாம். இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்து, நடுவில் ஓர் ஆள் இருந்து பேசவும் வைப்பார்கள். வெளியூரில் மாட்டிக்கொண்ட பிள்ளை வீடு திரும்ப, கிரேஹவுண்ட் பேருந்து நிறுவனத்தோடு சேர்ந்து 1995 முதல் இலவச டிக்கெட் ஏற்பாடும் செய்கிறார்கள்.

இரண்டு, சேஃப் பிளேஸ். மஞ்சளும் கறுப்புமான சாய்சதுரப் பலகையை நூலகம், தீயணைப்பு நிலையம், சில ஊர்களில் நகரப் பேருந்து ஆகியவற்றில் பார்த்திருப்பீர்கள். 1983ல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய திட்டம் இது. அந்தப் பலகை உள்ள இடத்துக்குள் போய் "எனக்கு உதவி வேண்டும்" என்றால் போதும். அங்கிருப்பவர் உட்காரவைத்து, காப்பகத்துக்கு போன் போட்டு, ஆள் வரும் வரை கூட இருப்பார்.

மூன்று, குறுஞ்செய்தி. சேஃப் (SAFE) என்ற ஆங்கிலச் சொல்லையும், தான் நிற்கும் தெருவின் முகவரியையும் 44357 என்ற எண்ணுக்கு அனுப்பினால் பக்கத்தில் இருக்கும் உதவியிடம் எது என்று பதில் வரும். வாய் திறந்து பேச முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இதுதான் நல்லது.

உடனடி உயிராபத்து என்றால் இதெல்லாம் வேண்டாம், 911. சாகத் தோன்றுகிறது என்றால் 988.

உள்ளே போனதும் என்ன நடக்கும்? முதல் இரவு எப்படி இருக்கும்?

நான் அதிகம் பார்த்தது முதல் இரவைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மணி அடிக்கும். கதவைத் திறந்தால் பெரும்பாலும் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கூடவே காவலர் நிற்கலாம், பள்ளி ஆலோசகர் நிற்கலாம், யாரும் இல்லாமலும் இருக்கலாம். முதல் கேள்வி "ஏன் வந்தாய்?" இல்லை. "சாப்பிட்டியா?" என்பதுதான். வேறு வேறு நாட்டு ஊழியர்கள் எல்லோரும் இந்த ஒரு கேள்வியில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

சாப்பிட்ட பிறகு சேர்க்கைப் பேச்சு. பெயர், வயது, மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா, ஒவ்வாமை உண்டா, உடம்பில் காயம் உண்டா, உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா, உன்னை யாராவது தேடி வந்து தொல்லை தருவார்களா. அடையாள அட்டை கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது காலையில் பார்த்துக்கொள்ளும் விஷயம். பையைப் பிள்ளையின் முன்னாலேயே பார்ப்பார்கள். கத்தி, போதைப்பொருள் உள்ளே போகக் கூடாது. மருந்துகளை வாங்கிப் பூட்டி வைத்து, வேளைக்குத் தருவார்கள்.

அப்புறம் துண்டு, சோப்பு, பல் துலக்கி, இரவு உடுப்பு. சிலர் குளியலறையிலிருந்து வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். யாரும் கதவைத் தட்டுவதில்லை.

இரவு முழுக்க ஓர் ஊழியர் விழித்திருப்பார். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அறைகளை எட்டிப் பார்ப்பார். ஒரு பையன் முதல் மூன்று இரவும் காலணியைக் கழற்றாமல் படுத்தான். எழுந்து ஓட வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற பழக்கம். நான்காம் இரவு கட்டிலடியில் அந்தக் காலணி ஜோடியாக இருந்ததைப் பார்த்து, இரவுப் பதிவேட்டில் அதை ஒரு வரியாக எழுதினோம்.

பெற்றோருக்குத் தகவல் சொல்வார்களா, மறைப்பார்களா?

சொல்வார்கள். கூட்டரசு நிதி பெறும் காப்பகங்கள், பிள்ளை உள்ளே வந்த 72 மணி நேரத்துக்குள் பெற்றோரையோ பாதுகாவலரையோ தொடர்பு கொள்ள வேண்டும் என்பது விதி. சில மாநிலங்களில் கெடு இன்னும் குறைவு. நடைமுறையில் பெரும்பாலும் அன்றிரவே அழைத்துவிடுகிறார்கள். "உன் அம்மாவுக்குத் தெரியாமல் உன்னை வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் நான் பேசும்போது நீ பக்கத்தில் இருக்கலாம்" என்று பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

பெற்றோருக்குத் தெரிந்தாலே பிள்ளைக்கு ஆபத்து என்றால் வழி வேறு. அப்போது குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் போகும், அடுத்து என்ன செய்வது என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்வார்கள்.

அந்த அழைப்பு உங்களுக்கு வந்தால் நினைவில் வையுங்கள்: காப்பகம் உங்கள் எதிர்க்கட்சி இல்லை. சட்டப்படியே இதன் முதல் நோக்கங்களில் ஒன்று, பாதுகாப்பாக இருக்கும் இடத்தில் பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்த்துவைப்பது.

வீட்டில் அடித்தார்கள் என்று பிள்ளை சொன்னால்?

காப்பக ஊழியர்கள் சட்டப்படி கட்டாயம் புகாரளிக்க வேண்டியவர்கள். அடி, பாலியல் அத்துமீறல், பட்டினி போடுவது என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தாலே அரசுத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். செய்ய மாட்டோம். எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று முதல் நாளே விளக்கிவிடுவதுதான் நேர்மை.

"நாங்கள் சின்ன வயதில் வாங்காத அடியா?" என்று கேட்கும் பெற்றோர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் சொல்வது பொய் இல்லை, வாங்கியிருப்பார்கள். ஆனால் தழும்பு விழும் அடி இங்கே வழக்காகும் என்பதைத் தாண்டி, அந்த அடிதான் பிள்ளையை வாசல் கடக்க வைத்தது என்பதை அவர்கள் ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

வீட்டை விட்டுப் போவது குற்றமா? போலீஸ் பிடித்துப்போவார்களா?

பெரும்பாலான மாநிலங்களில் குற்றம் இல்லை. வயது வந்தவர் செய்தால் குற்றமாகாது, சிறார் செய்தால் மட்டும் தலையிடலாம் என்ற வகையில் சில மாநிலங்கள் வைத்திருக்கின்றன. காவலர் பார்த்தால் வீட்டுக்கோ காப்பகத்துக்கோ கொண்டுபோய் விடுவார். வேறு மாநிலத்துக்குப் போய்விட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்ப, மாநிலங்களுக்கு இடையே தனி ஒப்பந்தமே இருக்கிறது.

என் பிள்ளையைக் காணவில்லை. 24 மணி நேரம் பொறுத்துத்தான் புகார் கொடுக்க வேண்டுமா?

பொறுக்கவே கூடாது. இந்த 24 மணி நேரக் கதை எங்கிருந்து பரவியதோ, பெரும் கேடு செய்கிறது. காணாமல் போன சிறாருக்குக் காத்திருப்புக் காலம் வைக்கக் கூடாது என்று 1990லேயே கூட்டரசுச் சட்டம் வந்துவிட்டது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட யார் காணாமல் போனாலும் தேசியக் குற்றத் தகவல் மையத்தின் (சுருக்கமாக என்சிஐசி) கணினியில் ஏற்ற வேண்டும். புகார் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது 2006ன் சட்டம். "என்சிஐசியில் ஏற்றிவிட்டீர்களா?" என்று காவலரிடம் நேராகவே கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்கும் 1-800-843-5678ல் சொல்லுங்கள். பிறகு சேஃப்லைனில் உங்கள் பிள்ளைக்கு ஒரு செய்தி விட்டுவையுங்கள்.

அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடும் என்று புகாரே கொடுக்காமல் இரண்டு நாள் தாங்களாகவே தேடிய குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த இரண்டு நாளில்தான் ஆபத்து அதிகம். பசியோடும் தூக்கமில்லாமலும் இருக்கும் பிள்ளையிடம் "வா, எங்க வீட்ல தங்கிக்கோ" என்று இனிமையாகப் பேசும் ஆட்கள் பேருந்து நிலையத்திலும் இருக்கிறார்கள், போனிலும் இருக்கிறார்கள். ஆள் கடத்தலில் சிக்கும் பிள்ளைகள் பலர் சிக்குவது இப்படித்தான்.

இன்னொன்று. பிள்ளை முதல் முறை போனில் வரும்போது நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை இப்போதே தயார் செய்து வையுங்கள். "எங்க இருக்க? உடனே கிளம்பி வா" என்று தொடங்கினால் அழைப்பு துண்டிக்கப்படும். நாங்கள் கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். பிள்ளையின் முகம் அப்படியே மூடிக்கொள்ளும். ஓர் அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. "குரல் கேட்டதே போதும்மா. குளிருதா அங்க?" என்றார். அந்தப் பெண் அரை மணி நேரம் அழுதாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கச் சம்மதித்தாள். யார் தப்பு, யார் சரி என்ற பேச்சுக்கெல்லாம் பிறகு ஆலோசகர் முன்னிலையில் நேரம் இருக்கிறது.

காப்பகத்தில் பூட்டி வைப்பார்களா?

மாட்டார்கள். கதவு உள்ளிருந்து திறக்கும். பிள்ளை போக நினைத்தால் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். பேசிப் பார்ப்பார்கள், போய்விட்டால் பெற்றோருக்கும் காவல்துறைக்கும் தகவல் சொல்வார்கள். இது பெற்றோருக்குப் பெரிய கவலை, எனக்குப் புரிகிறது. ஆனால் பூட்டு இருந்திருந்தால் பாதிப் பிள்ளைகள் உள்ளேயே வந்திருக்க மாட்டார்கள்.

விதிகள் இல்லாமல் இல்லை. இரவு இத்தனை மணிக்குள் உள்ளே, போன் இத்தனை மணி வரை, துணி துவைக்கும் முறை, பாத்திரம் கழுவும் முறை, ஆளுக்கொரு வேலை.

பள்ளிக்கூடம் என்ன ஆகும்?

நின்றுவிடக் கூடாது, நிற்கவும் தேவையில்லை. 1987ன் மெக்கின்னி-வென்டோ சட்டப்படி வீடற்ற பிள்ளை தான் படித்த அதே பள்ளியிலேயே தொடரலாம், போய்வர வண்டி ஏற்பாட்டையும் பள்ளி மாவட்டம்தான் செய்ய வேண்டும். புதுப் பள்ளியில் சேர்வதென்றால் தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று, பழைய மதிப்பெண் பட்டியல் எதுவும் கையில் இல்லாவிட்டாலும் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென ஒரு பொறுப்பாளர் இருப்பார். கல்லூரிக்கான கூட்டரசு நிதியுதவிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து இல்லாமல், தனித்து நிற்கும் மாணவராக விண்ணப்பிக்கவும் வழி உண்டு. இது தெரியாமலே படிப்பை விட்டவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. மேலே சொன்ன சேப்பின் ஹால் ஆய்வில், உயர்நிலைப் பள்ளியை முடிக்காத இளைஞர்கள் வீடற்றுப் போகும் அபாயம் முடித்தவர்களைவிட 346 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள்.

நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுமா அங்கே வருகிறார்கள்?

வருகிறார்கள். குறைவுதான், ஆனால் வருகிறார்கள். மதிப்பெண், தொலைபேசியைப் பிடுங்கியது, காதல், வீட்டுக்குள் ஓயாத அப்பா அம்மா சண்டை. அப்புறம் தன் பாலினம் பற்றியோ பாலீர்ப்பு பற்றியோ வீட்டில் தெரிந்துபோவது.

கடைசியாகச் சொன்னதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும். தன்பாலீர்ப்புள்ள, திருநர் இளையோர் வீடற்றுப் போகும் அபாயம் மற்றவர்களைவிட 120 சதவீதம் அதிகம் என்று அதே சேப்பின் ஹால் ஆய்வு சொல்கிறது. நியூயார்க்கில் அலி ஃபோர்னி என்ற இளைஞர் பதின்ம வயதிலிருந்து தெருவில் வாழ்ந்து, 1997ல் 22 வயதில் ஹார்லெமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை நன்கு அறிந்திருந்த இளையோர் நலப் பணியாளர் கார்ல் சிசிலியானோ, அவர் பெயரில் 2002ல் இப்படிப்பட்ட இளையோருக்கென ஒரு காப்பகம் தொடங்கினார், இன்றும் நடக்கிறது. உங்கள் பிள்ளை சொல்வது உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம், ஏற்றுக்கொள்ளப் பல மாதம் ஆகலாம். ஆகட்டும். அந்த மாதங்களில் பிள்ளை தன் கட்டிலில் தூங்கட்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

"ஊரில் தெரிந்தால் தங்கச்சி கல்யாணம் என்ன ஆகும்?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். காப்பகத்தின் பதிவுகளை வெளியாருக்குக் காட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை என்றேன். அவர் பயந்தது பதிவேட்டுக்கு இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் மறுநாள் வந்தார். வந்ததுதான் முக்கியம்.

தன் நண்பனை என் மகன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். நாங்களே வைத்துக்கொள்ளலாமா?

நல்ல மனசு. ஆனால் பெற்றோருக்குச் சொல்லாமல் பிறர் பிள்ளையை வைத்திருப்பது சில மாநிலங்களில் சட்டச் சிக்கல். அன்றிரவு சாப்பாடு போடுங்கள், படுக்க இடம் கொடுங்கள். அதே இரவில் சேஃப்லைனுக்கோ பக்கத்துக் காப்பகத்துக்கோ பேசுங்கள். பெற்றோரைக் கூப்பிடுவது ஆபத்தா இல்லையா என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அவர்களைக் கேளுங்கள்.

செலவு?

பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் இலவசம்.

21 நாள் முடிந்தும் போக இடமில்லை என்றால்?

முதல் நாளிலிருந்தே கேஸ் மேனேஜர், அதாவது அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பான ஊழியர், இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குத் திரும்புவது முதல் முயற்சி. முடியாவிட்டால் பாட்டி, மாமா, அத்தை என்று உறவில் யாராவது. அதுவும் இல்லையென்றால் குழந்தைகள் பாதுகாப்புத் துறை வழியாக வளர்ப்புக் குடும்பம். 16 வயது ஆகி, 22 ஆகாதவர்களுக்கு 1988ல் வந்த இடைக்கால வாழ்க்கைத் திட்டம் உண்டு. அதில் 540 நாள் வரை தங்கலாம், விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் 635 நாள் வரை நீட்டலாம். வேலை தேடுவது, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் படிப்பது, சமைப்பது எல்லாம் கற்றுத் தருவார்கள். கைக்குழந்தையோடு இருக்கும் இளம் தாய்மாருக்கு இதிலேயே தனி இல்லங்கள் உள்ளன. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை.

வீட்டுக்குத் திரும்பியவர்களையும் அப்படியே விட்டுவிடுவதில்லை. ஆலோசகர் தொடர்ந்து பேசுவார். குடும்ப ஆலோசனைக்குப் போகச் சொன்னால் தயவுசெய்து போங்கள். "எல்லாம் சரியாயிடுச்சு" என்று இரண்டாவது வாரமே நிறுத்திய குடும்பத்துப் பிள்ளைகளை நான் மறுபடியும் வாசலில் பார்த்திருக்கிறேன்.

18 வயது ஆகிவிட்டால் அவ்வளவுதானா?

அடிப்படை மையக் காப்பகத்தில் இடம் கிடையாது. ஆனால் 18 முதல் 24 வரை உள்ளவர்களுக்கென்று பல நகரங்களில் தனிக் காப்பகங்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கான பொதுக் காப்பகத்துக்கு 18 வயதுப் பிள்ளையை அனுப்ப வேண்டி வந்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. அங்கே அவர்களிடம் இருப்பதைப் பறிக்க ஆள் இருக்கும்.

கட்டில் நிரம்பிவிட்டால் திருப்பி அனுப்புவார்களா?

வாசலில் நிற்கும் பிள்ளையை "போ" என்று சொல்வதில்லை. பக்கத்து ஊர்க் காப்பகங்களை ஒவ்வொன்றாக அழைத்து, இடம் பிடித்து, கொண்டுபோய் விடும் ஏற்பாடு செய்வார்கள். கிராமப்புற மாவட்டங்களில்தான் நிலைமை மோசம். நாலைந்து மாவட்டத்துக்கு ஒரு காப்பகம் என்றும் உண்டு, வண்டியிலேயே இரண்டு மூன்று மணி நேரம் போக வேண்டும்.

நாங்கள் என்ன உதவி செய்யலாம்?

பழைய துணி மூட்டை வேண்டாம். பிரித்து, துவைத்து, அளவு பார்க்க ஊழியர்களுக்கு நேரம் இல்லை. புதிதாக, உறை பிரிக்காமல்: உள்ளாடை, சாக்ஸ், விடாய்க்கால நாப்கின், எண்ணெய்ப் பசையுள்ள ஷாம்பு (சுருள் முடிக்கு மற்றது ஆகாது), போன் சார்ஜர். எல்லாவற்றுக்கும் மேலாக, பயணப் பை. பிள்ளைகள் தங்கள் உடைமைகளைக் கறுப்புக் குப்பைப் பையில் கட்டிக்கொண்டு இடம் மாறுவதைப் பார்க்க முடியவில்லை. கொடுப்பதற்கு முன் காப்பகத்துக்கு ஒரு போன் போட்டு அந்த வாரம் எது இல்லை என்று கேட்டுவிடுங்கள்.

நேரம் தர முடியும் என்றால் பின்னணிச் சோதனை, கைரேகை, பயிற்சி என்று சில வாரம் ஆகும். பொறுமையாகச் செய்யுங்கள், அந்தச் சோதனைகள் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக இருப்பவை. கணக்கு சொல்லித் தர ஆள் எப்போதும் தேவை. கார் ஓட்டக் கற்றுத் தரவும், வேலை நேர்காணலுக்குக் கூடப் போகவும் தேவை. விடுமுறை நாள்களின் இரவுப் பணிக்குத்தான் ஆளே கிடைப்பதில்லை. எல்லோரும் தங்கள் குடும்பத்தோடு இருக்கும் அந்த இரவுகளில்தான் எங்கள் வாசல் மணி அதிகம் அடிப்பதாக எனக்குத் தோன்றும்.